மஞ்சள் காட்டுப்பூவைப் புற ஊதாவிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் படமெடுப்பது: முழுமையான வழிகாட்டி

யூலை பிறந்தால் ரொறன்ரோவின் கிழக்கே, ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் புல்வெளி ஓரங்களில் ஒரு மஞ்சள் பூ தலைகாட்டத் தொடங்கும். நடுவில் கறுத்த கபில நிறக் குமிழ். அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மஞ்சள் இதழ்கள். தண்டையும் இலையையும் தொட்டால் சொரசொரவென்று மயிர். ஆங்கிலத்தில் பிளாக் ஐட் சூசன் என்பார்கள். தாவரவியல் பெயர் ருட்பெக்கியா ஹிர்ட்டா. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு முன்வாசலிலும் நாலைந்து செடி நிற்கிறது. அதன் இதழை நுனியிலிருந்து அடிவரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒரே மஞ்சள்தான். புற ஊதாவில் படமெடுத்தால் நுனிப்பக்கம் வெளிச்சமாகவும் அடிப்பக்கம் கரி பூசியது போலவும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

முதல் தடவை அந்தப் படம் சரியாக வந்தபோது கமராவின் திரையை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தார். "என்ன தம்பி, பூ கறல் பிடிச்ச மாதிரி இருக்கு?" பக்கத்தில் நின்ற உண்மையான பூவைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார். "அப்ப உந்தத் தேனீக்கு இது தெரியுமோ?"

தெரியும். அதனால்தான் இந்தப் படத்தை ஒழுங்காக எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன். நமக்கு வேண்டியது பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடிய இரண்டு படங்கள்: ஒன்று நம் கண் காண்பது, மற்றது புற ஊதா. இரண்டுக்கும் இடையில் தெரியும் வித்தியாசம் பூவில் இருக்க வேண்டும். லென்ஸிலிருந்தோ வெயிலிலிருந்தோ கணினியிலிருந்தோ வந்த வித்தியாசமாக இருக்கக்கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

எதைப் படமெடுக்கிறோம்

ஒளியின் அலைநீளத்தை நானோமீற்றரில் அளப்பார்கள். நம் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீற்றர் வரையான ஒளியைப் பார்க்கிறது. அதற்குக் கீழே 315 முதல் 400 வரை உள்ளது யூவி-ஏ எனப்படும் புற ஊதா. வெயிலில் நமக்குக் கிடைக்கும் புற ஊதாவில் பெரும்பங்கு இதுதான். பூ இந்த ஒளியை எங்கே திருப்பி அனுப்புகிறது, எங்கே விழுங்குகிறது என்று பதிவுசெய்வதே நம் வேலை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. இருட்டறையில் புற ஊதா ரோர்ச் அடித்தால் சில பூக்கள் நீலமாகவும் பச்சையாகவும் மினுங்கும். அது ஒளிர்வு. அங்கே பூ புற ஊதாவை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றி வெளியே விடுகிறது. எந்தச் சாதாரணக் கமராவிலும் அதை எடுக்கலாம். அழகான படங்கள்தான். ஆனால் பட்டப்பகலில் தேனீ காணும் கோலம் அதுவல்ல. இந்த வழிகாட்டி பூவில் பட்டுத் திரும்பும் புற ஊதாவைப் பற்றியது மட்டும்.

பூவிதழில் பூச்சிகளுக்கு வழிகாட்டும் அடையாளங்கள் இருக்கின்றன என்று ஜெர்மனியில் கிறிஸ்டியான் கொன்ராட் ஸ்பிரெங்கல் 1793இலேயே எழுதிவிட்டார். கண்ணுக்குத் தெரிந்த கோடுகளையும் புள்ளிகளையும் வைத்துத்தான் அவர் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தின் வேதியியல் பிடிபட்டது வெகு பின்னால், அதுவும் நம்முடைய இதே பூவில். 1972இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஐஸ்னர் உள்ளிட்ட குழு ருட்பெக்கியா ஹிர்ட்டாவின் இதழ்களை ஆராய்ந்து, அடிப்பக்கத்தில் புற ஊதாவை விழுங்குபவை ஃபிளவனோல் என்ற நிறமிகள் என்று காட்டியது. மஞ்சளைத் தரும் கரோட்டினொயிட் இதழ் முழுவதும் இருக்கிறது. ஃபிளவனோல் அடியில்தான் குவிந்திருக்கிறது. நம் கண்ணுக்கு முதலாவது மட்டும் தெரிகிறது.

கமரா

கடையில் வாங்கும் கமராவில் ஒளியைப் பதியும் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கும். புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுப்பதுதான் அதன் வேலை. அதைக் கழற்றி, இரண்டையும் விடும் கண்ணாடியைப் பொருத்தினால் அது முழு அலைவரிசைக் கமரா. இதைச் செய்து கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பழைய மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கமரா ஒன்றை வாங்கி மாற்றுவது நல்லது: திரையில் நேரடியாகப் புற ஊதாவைப் பார்த்தே குவியம் (ஃபோக்கஸ்) பிடிக்கலாம். நீங்களே திறந்து மாற்ற நினைத்தால் உள்ளே ஃபிளாஷ் இல்லாத கமராவாகப் பாருங்கள். ஃபிளாஷுக்கான மின்தேக்கி, பற்றரியைக் கழற்றிய பிறகும் பலமாக அடிக்கும்.

லென்ஸ்

இங்கே விலை உயர்ந்தது சிறந்தது என்ற கணக்கு எடுபடாது. புதிய லென்ஸ்களில் பல கண்ணாடிகள், ஒட்டுப்பசை, பல அடுக்குப் பூச்சு எல்லாம் சேர்ந்து புற ஊதாவை நிறுத்திவிடும். குறைந்த கண்ணாடிகளும் ஒற்றைப் பூச்சும் கொண்ட பழைய எளிய லென்ஸ்கள்தான் உதவும். நிக்கோனின் 105 மில்லிமீற்றர் யூவி-நிக்கோர் இதற்கென்றே குவார்ட்ஸும் ஃபுளோரைட்டும் கொண்டு செய்யப்பட்டது. அதன் விலைக்கு ஒரு நல்ல பழைய கார் வாங்கலாம். நான் பாவிப்பது இருட்டறையில் படம் பெருப்பிக்கப் பயன்பட்ட எல்-நிக்கோர் 80 மில்லிமீற்றர், எஃப் 5.6 (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறிது), பழைய உலோக உடல் வகை. அதற்கு 39 மில்லிமீற்றர் திருகு, குவியம் பிடிக்கும் வளையம் கிடையாது. ஆகவே திருகி நீட்டிச் சுருக்கும் குழாய் ஒன்றை இடையில் பொருத்த வேண்டும். பூ அளவுக்குக் கிட்டப் போக அதுவே வசதி.

ஃபில்டர்: வேலை கெடும் இடம்

காசையும் கவனத்தையும் இங்கே வையுங்கள்.

புற ஊதாவை மட்டும் விடும் கறுத்த கண்ணாடிகள், யூஜி 11, யூ 340, ஸெட்டபிள்யூபி 1 போன்ற பெயர்களில் விற்கப்படுபவை, உண்மையில் இரண்டை விடும்: புற ஊதா, அதோடு 700 நானோமீற்றருக்கு அக்கம்பக்கத்தில் கொஞ்சம் சிவப்பும் அகச்சிவப்பும். அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. சென்சாருக்கு அகச்சிவப்பில் உள்ள உணர்திறன் புற ஊதாவில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கசிவு சிறிதாக இருந்தாலும் படத்தை அதுவே நிரப்பிவிடும்.

எனக்கு ஒரு கோடை முழுவதும் இதில் போனது. இணையத்தில் மலிவாக வாங்கிய ஒற்றைக் கறுப்புக் கண்ணாடியை மாட்டி நூற்றுக்கணக்கில் எடுத்தேன். எல்லாப் பூவும் வெளேரென்று வந்தது, எதிலும் கோலம் இல்லை. இந்தச் செடியில் இல்லையாக்கும் என்று அடுத்த செடிக்குப் போனேன். பிறகுதான் இலைகளைக் கவனித்தேன்: பனி மூடியது போல வெள்ளை. பச்சை இலை புற ஊதாவில் இருண்டுதான் இருக்கும், அகச்சிவப்பில்தான் வெளுக்கும். நான் எடுத்த அத்தனையும் அகச்சிவப்புப் படங்கள்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கறுப்புக் கண்ணாடியோடு அகச்சிவப்பைத் தடுக்கும் நீலப்பச்சைக் கண்ணாடி ஒன்றை அடுக்குவது: எஸ் 8612 அல்லது பிஜி 40 வகை. இரண்டு, பாடர் நிறுவனத்தின் யூ-ஃபில்டர். வெள்ளிக் கிரகத்தின் முகில்களைத் தொலைநோக்கியில் படமெடுப்பதற்காகச் செய்தது; 350 நானோமீற்றரை நடுவாக வைத்து விடும், மற்றதை நன்றாக அடைக்கும். என் கையில் இருப்பது இதுதான். அடுக்கும் வழியில் போகிறவர்களுக்கு ஒரு சொல்: எஸ் 8612 வகைக் கண்ணாடிகள் ஈரப்பதத்தில் மங்கிப் பூத்துப்போகும். யாழ்ப்பாணம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருந்து இதை முயல்பவர்கள் சிலிக்கா ஜெல் போட்ட இறுகிய பெட்டியில் வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் ஒளிப் படத்துக்கும் ஒரு ஃபில்டர் வேண்டும். கமராவில் இருந்த தடுப்பைக் கழற்றிவிட்டோமே. புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வெட்டும் ஃபில்டரை லென்ஸின் முன்னால் மாட்டினால்தான் நிறம் இயல்பாக வரும். இரண்டு ஃபில்டரையும் காந்த வளையத்தில் பொருத்தி வைத்தால், கமராவை அசைக்காமல் ஒரு கணத்தில் மாற்றலாம்.

மூன்று சோதனை

பூவிடம் போகுமுன் வீட்டு முற்றத்தில் இவற்றைச் செய்து பாருங்கள்.

புல்லையும் இலையையும் எடுங்கள். இருண்டிருந்தால் நல்லது.

புற ஊதா ஃபில்டருக்கு மேலே, 720 நானோமீற்றருக்கு மேற்பட்டதை மட்டும் விடும் அகச்சிவப்பு ஃபில்டரை வையுங்கள். ஒன்று விடுவதை மற்றது அடைப்பதால் படம் முற்றிலும் கறுப்பாக வர வேண்டும். புற ஊதாவுக்குக் கொடுக்கும் அதே நேரத்தைக் கொடுங்கள். ஏதாவது உருவம் தெரிந்தால் கசிகிறது.

மூன்றாவது, வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன். அம்மாவின் புறங்கையில் ஒரு விரலளவு கோடு இழுத்துத் தேய்த்துவிட்டேன். கண்ணுக்குத் தோல் மட்டும்தான். படத்தில் கையின் குறுக்கே தார் பூசியது போல ஒரு பட்டை. அதே படத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடியும் கறுப்புக் கண்ணாடியாகிவிட்டது, அந்தப் பிளாஸ்ரிக் புற ஊதாவை விடாது. இந்த இரண்டும் கறுத்தால் நீங்கள் உண்மையில் புற ஊதாவைத்தான் பார்க்கிறீர்கள்.

வெயிலும் ரோர்ச்சும்

வெயில் போதும். ஆனால் படமெடுப்பவர்கள் விரும்பும் காலை, மாலைப் பொன்வெயில் இதற்கு ஆகாது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது நீண்ட காற்றுமண்டலத்தைக் கடந்து வருவதற்குள் புற ஊதாவில் பெரும்பகுதி போய்விடும். முன்மதியம் 11 மணிக்கும் பின்மதியம் 3 மணிக்கும் இடைப்பட்ட நேரம் பாருங்கள். புற ஊதாவில் கணிசமான பங்கு நீல வானம் முழுவதிலுமிருந்து சிதறி வருகிறது. அதனால் உச்சி வெயிலில் கூட நிழல் மென்மையாக விழும். இது ஒரு வரம்.

காற்று ஓயாமல் அடிக்கும் நாளில் ஃபிளாஷ் தேவைப்படும். சாதாரண ஃபிளாஷின் குழாயிலும் முன்பக்கப் பிளாஸ்ரிக்கிலும் புற ஊதாத் தடுப்பு இருப்பதால், பூச்சில்லாத செனன் குழாய் போடக்கூடிய வகை வேண்டும். அந்தக் குழாய் யூவி-ஏயை விடக் கடுமையான புற ஊதாவையும் கக்கும். வெறுங்கண்ணோடு பக்கத்தில் நிற்காதீர்கள். 365 நானோமீற்றர் எல்ஈடி ரோர்ச் குவியம் பிடிக்க மிக உதவும். ஆனால் நம் கண்ணுக்கு அது மங்கலாகத் தெரிவதால் ஆபத்தில்லை என்று தோன்றும். அது பொய். புற ஊதாவைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதைக் கையில் எடுக்க வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

வெள்ளை எது

வெள்ளைக் கடதாசி புற ஊதாவில் வெள்ளை இல்லை. அதில் சேர்த்த வெண்மையூட்டி புற ஊதாவை விழுங்குகிறது. வெள்ளைப் பெயின்றில் உள்ள தைத்தானியம் டைஒக்சைட்டும் அப்படியே. இரண்டு ஒளியிலும் வெள்ளையாக நிற்பது தெஃப்லோன். ஆய்வுகூடத்துக்கான தெஃப்லோன் தகடு விலை அதிகம். குழாய்த் திருகில் தண்ணீர் ஒழுகாமல் சுற்றும் வெள்ளைத் தெஃப்லோன் ரேப் ஒரு சுருள் வாங்கி, சிறு மட்டையில் பத்துப் பதினைந்து அடுக்குச் சுற்றினால் நம் வேலைக்குப் போதும். பின்னால் இருப்பது தெரியாத அளவுக்குத் தடிப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கை படாமல் பையில் வையுங்கள்.

பூவின் முன்னால்

தேசியப் பூங்காவில் பூப்பறிக்கக்கூடாது, சட்டமே அப்படி. நின்ற இடத்தில்தான் எடுக்க வேண்டும். அதுவே நல்லது, பறித்த இதழ் சோர்ந்து வடிவம் மாறிவிடும்.

இதழ்கள் விரிந்து, குமிழின் கீழ்வரிசைகள் மட்டும் மலர்ந்த பூவைத் தேர்ந்தெடுங்கள். (இதழ் என்று சொல்கிறோமே தவிர, ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ, குமிழில் இருப்பவையும் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள். தேன் இருப்பது அந்தக் குமிழில்தான்.) செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் தண்டை மெதுவாகக் குச்சியோடு பிடித்துவிடுங்கள். முக்காலியில் கமரா, பூவின் முகத்துக்கு நேரே. தெஃப்லோன் மட்டையைப் பூவின் மட்டத்தில், அதே வெயில் படும்படி, படத்தின் ஓரத்தில் வையுங்கள்.

இனி வரிசை. முதலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி. எஃப் 8, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு) 100, கமரா சொல்லும் நேரம். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் றோ கோப்பாக எடுங்கள், ஜேபெக் போதாது. பிறகு ஃபில்டரை மாற்றுங்கள். புற ஊதாவில் குவியம் இடம் மாறும். முந்திய குவியத்தை நம்பாமல், திரையில் பெரிதாக்கி, வேண்டுமானால் ரோர்ச் அடித்து, திரும்பப் பிடியுங்கள். குமிழின் கீழ்விளிம்பில் பிடித்தால் இதழும் பெரும்பாலும் கூர்மையாக வரும். எஃப் 8 அல்லது 11. இங்கே ஒரு நன்மை: அலைநீளம் குறைவு என்பதால் துவாரத்தைச் சிறிதாக்கும்போது வரும் மங்கல் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வருவதைவிடக் குறைவு. ஐஎஸ்ஓ 400 வைத்து அரை வினாடியில் தொடங்கி, கால் வினாடி, ஒரு வினாடி என்று பல எடுங்கள். தெஃப்லோன் வெளுத்துப்போகாமல் ஆனால் வெளிச்சமாக இருப்பதுதான் சரியான அளவு.

அரை வினாடி என்பது காற்றுக்கு நீண்ட நேரம். காற்று அடங்குவதற்காகக் காத்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி. ஒரு நாள் நாற்பது நிமிடம் இருந்தேன். ஒரு சின்னத் தேனீ வந்து குமிழைச் சுற்றி வட்டமாக நடந்து, ஒவ்வொரு சின்னப் பூவிலும் தலையைக் கொடுத்து எடுத்துப் போனது. அந்தப் படம் ஆடிப்போனது. அந்த நாற்பது நிமிடம் வீணில்லை.

கடைசியாக, முதல் ஃபில்டரைப் போட்டுக் கண்ணுக்குத் தெரியும் ஒளிப் படத்தை மறுபடியும் ஒன்று எடுங்கள். முதற்படமும் கடைசிப் படமும் ஒத்திருந்தால் இடையில் பூவும் வெயிலும் மாறவில்லை என்பதற்கு அது சாட்சி. பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

கணினியில்

புற ஊதா றோ கோப்பைத் திறந்தவுடன் படம் முழுக்கச் சிவப்பாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ இருக்கும். சென்சாரின் வண்ணப் புள்ளிகள் புற ஊதாவை ஒரே அளவில் விடுவதில்லை. எது வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொல்லும் வெண்சமநிலைக் கருவியால் தெஃப்லோனைத் தொடுங்கள். சில மென்பொருள்களின் அளவுகோல் இவ்வளவு தூரம் இறங்காது, படம் சிவப்பிலேயே நின்றுவிடும். றோதெரப்பி, டார்க்டேபிள் இரண்டும் இலவசம், இரண்டிலும் முடியும்.

சமப்படுத்தியதும் தெஃப்லோன் சாம்பல் வெள்ளையாகும், இலைகள் இருளும், இதழ்நுனிகள் மங்கல் மஞ்சளாகும், இதழடியும் குமிழும் சேர்ந்து ஒரே பெரிய கரிய வட்டமாகும். நுனியில் தெரியும் அந்த மஞ்சளைக் கண்டு மயங்க வேண்டாம், அது சென்சார் தந்த பொய் நிறம். அறிவியல் தேவைக்கு நான் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவேன். வெளிச்ச அளவை இரண்டு படத்திலும் தெஃப்லோனை வைத்தே சமப்படுத்துங்கள். அதற்கு மேல் கருமையைக் கூட்டி, வேறுபாட்டை ஏற்றி, படத்தை நாடகமாக்காதீர்கள். பூவே போதிய அளவு செய்திருக்கிறது.

தேனீயின் கண்ணுக்குக் கிட்டே

தேனீக்கு மூன்று வகை ஒளியுணரிகள்: புற ஊதாவில் 344, நீலத்தில் 436, பச்சையில் 544 நானோமீற்றரை உச்சமாகக் கொண்டவை. சிவப்புக்கு இல்லை. அதன் நிற உலகை நம் திரையில் பெயர்க்க எளிய வழி, ஒவ்வொன்றையும் ஒரு படி தள்ளி வைப்பது. கணினியில் ஒரு வண்ணப்படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தடங்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியும் ஒளிப் படத்தின் பச்சைத் தடத்தைச் சிவப்பிலும், நீலத் தடத்தைப் பச்சையிலும், புற ஊதாப் படத்தை நீலத்திலும் போடுங்கள். இரண்டு படத்தின் அளவும் குவிய மாற்றத்தால் சற்று வேறுபடும். இதழ்நுனிகளை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

நம் பூவில் விளைவு இது: இதழடி பச்சைத் தடத்தில் மட்டும் வெளிச்சம், ஆகவே சிவப்பு. நுனி பச்சையிலும் புற ஊதாவிலும் வெளிச்சம், ஆகவே கத்தரிப்பூ நிறம். பச்சையும் புற ஊதாவும் கலந்த அந்த நிறத்தைத் தேனீ ஆய்வாளர்களும் தேனீயின் கத்தரிப்பூ நிறம் என்றே சொல்கிறார்கள். அம்மாவுக்கு இந்தப் படத்தைக் காட்டி, தேனீ இதையேதான் காண்கிறது என்று சொல்லவில்லை. அது வேறுபடுத்தும் இடத்தை நாமும் வேறுபடுத்திப் பார்க்க ஒரு மொழிபெயர்ப்பு என்றுதான் சொன்னேன்.

குறிப்பு எழுதுதல்

2022இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, இதே குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் சூரியகாந்திகளில் இந்தக் கரிய வட்டத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதைக் காட்டியது. வறண்ட இடங்களில் பெரிது, ஈரமான இடங்களில் சிறிது. இதழ் நீரை இழக்கும் வேகத்தோடும் அந்த நிறமிக்குத் தொடர்பு இருக்கிறது. ஆகவே எங்கே, எப்போது, எந்த வானிலையில் எடுத்தீர்கள் என்பது இல்லாத படம் பாதிப் படம். இதழின் முழு நீளத்தில் கருமை எத்தனை பங்கு என்று அளந்து அதையும் எழுதுங்கள். என் கோப்பில் ஒவ்வொரு சோடிக்கும் கீழே இந்த மாதிரி இருக்கும்:

ருட்பெக்கியா ஹிர்ட்டா, முன்வாசல், ஸ்காபரோ. யூலை 19, மதியம் 12.40, முகிலில்லை, நான்கு நாளாக மழையில்லை. எல்-நிக்கோர் 80, எஃப் 8. பாடர் யூ, ஐஎஸ்ஓ 400, அரை வினாடி. தெஃப்லோன் இடது ஓரத்தில். முதற்படமும் கடைசிப் படமும் ஒத்துள்ளன. கரிய பகுதி இதழ் நீளத்தில் ஏறக்குறையப் பாதி. கீழ் இடது இதழில் வண்டு கடித்த ஓட்டை.